ஊரணிப் பாசியும் கல்லீரலும்

சென்ற கோடையில் ஒரு சிற்றூருக்குச் சங்க ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். நெசவாளர் சங்கமும் வேளாண்மைக் கடன் சங்கமும் ஒரே தெருவில் எதிரெதிராக அமைந்த ஊர் அது. கடன் சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிடுங்கால், அன்று மாலை கூடவிருந்த நிர்வாகக் குழுவுக்கென எழுதி வைத்திருந்த பொருள்நிரலில் ஒன்று நம் கண்ணில் பட்டது. ஊரணியில் படர்ந்துள்ள பச்சைப் பாசியை ஒழிக்கப் பொது நல நிதியிலிருந்து 50 கிலோ மயில்துத்தம் வாங்கி இடுவது என்பதே அது. செலவு பெரிதன்று; நோக்கமோ ஊர் நன்மை. எனினும் அதனைப் படித்துவிட்டு அப்பால் செல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை. தலைவரை அழைத்துக்கொண்டு ஊரணிக்குச் சென்றோம்.

நீர் முக்கால் பங்கு வற்றியிருந்தது. காற்று ஒதுக்கிய மூலையில், பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றினாற்போலத் தடித்த ஏடு மிதந்தது. ஓரத்தில் அது காய்ந்து நீலம் பாரித்திருந்தது. சேற்று நாற்றத்தோடு வேறொரு வீச்சமும் கலந்து வந்தது. முந்திய வாரம் அந்த மூலையில் நீர் குடித்த ஆடுகள் இரண்டு அன்றிரவே மாண்டன என்றும், வரப்புத் தகராறு உள்ள ஒருவர் மருந்து வைத்துவிட்டார் என்று பேச்சு எழுந்துள்ளது என்றும் தலைவர் கூறினார். ஆடுகளைப் புதைத்துவிட்டனர், கால்நடை மருத்துவர் பார்க்கவில்லை. ஆதலின் அவை எதனால் மாண்டன என்று நாம் உறுதியாகச் சொல்லல் இயலாது. ஆயினும், நஞ்சு வைக்க அங்கே ஒரு மனிதர் வேண்டியதில்லை என்பதை மட்டும் தலைவரிடம் சொன்னோம். அன்று மாலை குழுவினரிடம் நாம் விளக்கிய செய்திகளையே ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வனவெல்லாம் ஓரினம் அல்ல. படித்துறைக் கல்லில் நூல் நூலாகப் படர்ந்து, குச்சியால் அள்ளினால் சிக்கு நூற்கற்றை போலத் தூக்கிக்கொண்டு வருவது ஒன்று. அது உண்மைப் பாசி. வழுக்கி விழச் செய்யுமேயன்றி நஞ்சூட்டுவதில்லை. குச்சியில் ஒட்டாமல் வண்ணம் போல் வழிவது மற்றொன்று. நீலப்பச்சைப் பாசி என்று நூல்களில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றுள்ள இது, உண்மையில் பாசியே அன்று, பாக்டீரியா. செடிகளைப் போல வெயிலில் உணவு சமைக்கும். ஆனால் அதன் உயிரணுவில் உட்கரு இல்லை. காற்றடைத்த நுண்பைகள் பலவற்றுக்கு உண்டு; அவற்றால் அவை வெயிலைத் தேடி மேலே மிதந்து வரும். சயனோபாக்டீரியா என்பது இன்றைய பெயர்.

இவ்வினத்தை முற்றும் பகையென்று கருதுதலும் தவறு. நெல் வயலில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குவதில் இவற்றுக்குப் பங்குண்டு என்பதை 1939இல் பி. கே. தே என்னும் இந்திய அறிஞர் ஆய்ந்து வெளியிட்டார். நம் விவசாயிகள் வயலில் விடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து உரம் தருவதும் இவ்வினமே. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தி. வி. தேசிகாச்சாரி 1959இல் இவற்றைப் பற்றி எழுதிய ‘சயனோபைட்டா’ என்ற பெருநூலை உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் போற்றுவர். ஒரே குடியில் உழைப்பாளியும் உண்டு, ஊரைக் கெடுப்பவனும் உண்டு. கெடுப்பவற்றுள் தலையாயது மைக்ரோசிஸ்டிஸ். அது உண்டாக்கும் நஞ்சின் பெயர் மைக்ரோசிஸ்டின்.

இந்நஞ்சின் வேலையைக் காணுமுன், அது சென்று தாக்கும் இடத்தை அறிதல் வேண்டும். கல்லீரல், வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு. ஏனைய உறுப்புகளுக்கு இதயத்திலிருந்து தூய இரத்தம் வருகின்றது. கல்லீரலுக்கு அவ்வாறு வருவது காற்பங்கே. மீதி முக்காற்பங்கு குடலைச் சுற்றிவிட்டு, அங்கே உறிஞ்சப்பட்டவை அனைத்தையும் சுமந்துகொண்டு, வாயிற்சிரை என்னும் பெருங்குழாய் வழியாக வந்து சேர்கின்றது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் முதலில் தரம்பார்க்கும் மேடைக்கு வருவதை ஒத்தது இது. நாம் உண்டதில் நல்லதும் தீயதும் முதன்முதல் சந்திப்பது கல்லீரலையே. அதனால்தான் உணவிலும் நீரிலும் வரும் நஞ்சு பலவும் முதலில் இங்கே கைவைக்கின்றன.

பாக்டீரியாக்களின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும் வழி ஒன்றன்று. நம் குடலிலேயே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு பகுதியின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்னும் பொருள், உறை சிதையும்போது வெளிப்படும். குடற்சுவர் செவ்வனே இருக்கும்வரை அது சிறிதளவே கசியும். அச்சிறிதளவை, கல்லீரலின் இரத்த வழிகளில் காவல் நிற்கும் குப்ஃபர் உயிரணுக்கள் பிடித்து விழுங்கிவிடும். மிதமிஞ்சிய மதுவால் குடற்சுவர் நெகிழும்போது கசிவு மிகும். காவலர்கள் கலவரமுற்று, எதிரியை அழிக்க வைத்திருக்கும் வேதிப்பொருள்களை வாரி இறைப்பார்கள். அவை அருகிலுள்ள கல்லீரல் உயிரணுக்களையே மாய்க்கும். இங்கே கெடுதல் செய்வது நஞ்சைவிடக் காவலின் மிகை என்றே சொல்லலாம். சங்கத்தில் கூலி பெறும் நாளன்று மாலை எங்கே செல்கின்றோம் என்பதை நம் உறுப்பினருள் சிலர் நினைத்துப் பார்ப்பார்களாக. இதற்கு மேல் அதனை நாம் விரிக்கவில்லை.

மைக்ரோசிஸ்டின் அவ்வாறு பிறர் கையால் அடிப்பதன்று. தானே உள்ளே புகுந்து அடிப்பது. ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு பொருள் அது. இருநூறுக்கு மேற்பட்ட வகைகளில் அதனைக் கண்டுள்ளனர். அதன் வளைய வடிவும், அதிலுள்ள வழக்கத்துக்கு மாறான அமிலங்களும் காரணமாக, புரதங்களை அறுக்கும் நம் வயிற்று நொதிகள் அதனிடம் தோற்றுவிடுகின்றன. குடலில் உறிஞ்சப்பட்டு, வாயிற்சிரை வழியே கல்லீரலை அடைகின்றது. ஆனால் உயிரணுவின் சவ்வைத் துளைத்துச் செல்லும் ஆற்றல் அதற்கு இல்லை. பின் எவ்வாறு புகுகின்றது? பித்த உப்புகளை இரத்தத்திலிருந்து மீட்டெடுக்கக் கல்லீரல் உயிரணுக்களின் சுவரில் சில வாயில்கள் உண்டு. அவ்வாயில்கள் இந்நஞ்சையும் தம் பொருளென மயங்கி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆய்வுக்கூடத்தில் பித்த உப்பை மிகுதியாகக் கலந்தால் நஞ்சு உட்செல்வது குறைகின்றது. இரண்டுக்கும் வாயில் ஒன்றே என்பதற்கு அது சான்று. அத்தகைய வாயில் இல்லாத உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

உள்ளே சென்றபின் நிகழ்வது நம் சங்கத்தார்க்கு எளிதில் விளங்கும். உயிரணுவுக்குள் புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவைக்கும் நொதிகள் ஒருபுறமும், ஏற்றியதை இறக்கும் நொதிகள் மறுபுறமும் ஓயாது வேலை செய்கின்றன. ஏற்றுவது கடன் வழங்கல் என்றால், இறக்குவது வசூல். இரண்டும் ஒத்து நடந்தால்தான் சங்கம் நிற்கும். மைக்ரோசிஸ்டின், வசூல் செய்யும் நொதிகளுள் முக்கியமான இரண்டைப் பிடித்துக்கொண்டு அசையவிடாமல் செய்துவிடுகின்றது. வழங்கல் மட்டும் தொடர்ந்து நடக்கின்றது. வசூல் நின்று வழங்கல் நிற்காத சங்கங்களை நாம் பணியில் கண்டிருக்கின்றோம். அவை எவ்வளவு நாள் தாங்கின என்பதையும் கண்டிருக்கின்றோம்.

இக்குழப்பத்தில் முதலில் குலைவது உயிரணுவின் சட்டம். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மிக நுண்ணிய புரத இழைகள் பாவு இழுத்துக் கட்டினாற்போல விறைத்து நின்று, அதற்கு வடிவம் தருகின்றன. பாஸ்பேட்டு அளவுமீறி ஏறிய இழைகள், படைமரத்திலிருந்து அவிழ்ந்த பாவு போலத் தொய்ந்து ஒரு மூலையில் சுருண்டுவிடும். பட்டையாக அடுக்கி நின்ற உயிரணுக்கள் உருண்டையாகி, ஒன்றையொன்று பற்றியிருந்த பிடியை விட்டுப் பிரியும். அவற்றுக்கிடையே ஓடிய நுண்ணிய இரத்த வழிகளின் கரை உடையும். கரையுடைந்த வாய்க்கால் வயலெங்கும் பாய்வதுபோல இரத்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கும். மிகுந்த அளவு நஞ்சு ஏற்றப்பட்ட சுண்டெலிகளில் சில மணி நேரத்துக்குள் கல்லீரலின் எடை ஏறத்தாழ இருமடங்காகின்றது. உடலின் பிற பகுதிகளுக்கு இரத்தம் இன்றி அவை மாள்கின்றன.

கால்நடையிலும் இதே கதைதான். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் அலெக்சாண்டிரினா ஏரியில் நீர் குடித்த ஆடு, மாடு, குதிரைகள் சில மணி நேரத்தில் மாண்டதை அடிலெய்டைச் சேர்ந்த ஜார்ஜ் பிரான்சிஸ் 1878இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அங்கே இருந்தது இவ்வினத்தைச் சேர்ந்த நோடுலாரியா. அதன் நஞ்சும் கல்லீரலையே தாக்குவது. மாடு தள்ளாடுதல், ஈறும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்தல், கழிச்சல் ஆகியவை அறிகுறிகள். தப்பிப் பிழைத்த மாட்டில் சில நாள் கழித்து வேறொன்று தோன்றக்கூடும்: காது, மூக்கு, மடி போன்ற வெண்ணிறத் தோல் வெயில் பட்டுப் புண்ணாகும். தின்ற புல்லின் பச்சையம் குடலில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளைப் பித்தத்தோடு வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அவ்வேலை நின்றதும் அது தோலில் தங்கி, வெயிலை ஏற்றுச் சுடுகின்றது. இதனைத் தோல்நோய் என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருப்பது வீண். மாட்டை நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைத்தலே தக்கது.

மனிதர்க்கு நேர்ந்த பெருங்கேடு, பிரேசில் நாட்டில் பெர்னம்புக்கோ மாநிலத்தின் கருவாரு நகரில் 1996 பிப்ரவரியில் நிகழ்ந்தது. சிறுநீரகம் பழுதானோர்க்கு இரத்தத்தைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. ஒருவர்க்கு ஒருமுறை சுத்திகரிக்க நூறு லிட்டருக்கு மேல் நீர் தேவை. நகரின் நீர்த்தேக்கத்திலிருந்து, முறையாக வடிகட்டிக் குளோரின் இடப்படாத நீரை லாரியில் கொண்டுவந்தனர். அத்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியிருந்தது. ஏறத்தாழ 130 நோயாளருள் நூற்றுக்கு மேற்பட்டோர்க்குக் கண் மங்கியது, குமட்டியது, வாந்தி வந்தது. அவர்களுள் ஏறத்தாழ நூறு பேர்க்குக் கல்லீரல் பழுதுற்றது. ஐம்பது பேர்க்குக் குறையாமல் மாண்டனர். நிலையத்தின் வடிகட்டியிலிருந்த கரியிலும், நோயாளரின் இரத்தத்திலும், மாண்டோரின் கல்லீரலிலும் மைக்ரோசிஸ்டின் இருந்தது. குடலையும் வாயிற்சிரையையும் கடந்து வரவேண்டிய நஞ்சு அங்கே நேரே இரத்தத்தில் கலந்துவிட்டது. குடிநீரில் அவ்வளவு விரைந்து கேடு வருவதில்லை என்பது உண்மையே. ஆனால் அந்நோயாளர்கள் நலம் வேண்டிச் சென்றவர்கள். நீர் தெளிவாக இருக்கின்றதென்று அவர்களுக்காகப் பிறர் நம்பினார்கள்.

சிறிதளவாக நெடுநாள் குடித்தால் என்ன ஆகும் என்பது இதனினும் கடினமான வினா. சீனாவில் ஹைமென், சிடொங் ஆகிய பகுதிகளில் குளத்து நீரும் வாய்க்கால் நீரும் குடித்தோர்க்கு, ஆழ்கிணற்று நீர் குடித்தோரைவிடக் கல்லீரல் புற்று மிகுதியாகக் காணப்பட்டது. ஆயினும் அங்கே மஞ்சட்காமாலை பி வைரசும், பூஞ்சை பிடித்த தானியத்தின் அஃப்ளாடாக்சினும் மிகுதி. எதற்கு எவ்வளவு பங்கென்று பிரித்தல் அரிது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் குழு 2006இல் கூடி, மைக்ரோசிஸ்டின் எல்ஆர் என்னும் வகையை மனிதர்க்குப் புற்று விளைவிக்கக்கூடும் என்ற பிரிவில் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 1998இல் ஒரு லிட்டர் குடிநீரில் ஒரு மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது. 2020இல் அதனை நெடுநாள் குடிப்பதற்கான எல்லையாக வைத்துக்கொண்டு, குறுகிய காலத்துக்கு 12 மைக்ரோகிராம் என்று தனியே வகுத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அதனை நாவோ மூக்கோ அறியாது.

குழுவில் இருந்த பெண் உறுப்பினர் ஒருவர், “காய்ச்சிக் குடித்தால் ஆகாதா, ஐயா?” என்று வினவினார். நல்ல வினா, காலராவுக்கும் சீதபேதிக்கும் அதுவே காப்பு. இங்கோ அது பயன்படாது. மைக்ரோசிஸ்டின் கொதிநீரில் சிதையாது. கொதிக்கும்போது பாக்டீரியா வெடித்து உள்ளிருந்த நஞ்சும் நீரில் கலக்கும். ஆவியாகும் நீர் போக எஞ்சியதில் நஞ்சின் செறிவு கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஈரி ஏரியிலிருந்து நீர் பெறும் டொலீடோ நகரில், குழாய் நீரில் இந்நஞ்சு கண்டதும், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு அந்நீரைக் குடிக்கவும் வேண்டா, காய்ச்சவும் வேண்டா என்று அறிவித்தனர். வெள்ளைத் துணியில் வடித்தால் மிதக்கும் பாசி தங்கும். கரைந்த நஞ்சு இறங்கிவிடும். அடுப்புக் கரியை நம்புவதும் இயலாது. இதற்கெனப் பதப்படுத்திய கரி வேறு.

இனி மயில்துத்தத்துக்கு வருவோம். திராட்சைக்கும் உருளைக்கும் போர்டோ கலவை அடிக்கும் விவசாயிக்கு அது பழகிய பொருள். பாசியை அது கொல்லும் என்பதும் மெய். கேடு அங்கேதான் உள்ளது. உயிரோடிருக்கும் பாக்டீரியாவில் நஞ்சின் பெரும்பகுதி உள்ளேயே அடைபட்டிருக்கும். ஒரே நாளில் அனைத்தையும் கொன்றால் உறைகள் ஒருங்கே சிதைந்து, அவ்வளவு நஞ்சும் நீரில் கொட்டப்படும். மேலே பச்சை மறைந்து நீர் தெளிந்ததைக் கண்டு, மக்கள் குடத்தோடு வருவார்கள்.

இது வெறும் ஊகம் அன்று. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979ஆம் ஆண்டு சாலமன் அணை நீரில் பாசி பெருகி, சுவையும் மணமும் கெட்டன. மயில்துத்தம் இட்டார்கள். சில நாட்களுக்குள் 148 பேர் நோயுற்றனர்; பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் குழந்தைகள். வாந்தி, கல்லீரல் வீக்கம், பின்னர்ச் சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கழிச்சல். எல்லாரும் பிழைத்தனர் என்பது ஆறுதல். முதலில் காரணம் விளங்காமல் அதனை மர்ம நோய் என்றே அழைத்தார்கள். பிற்கால ஆய்வு, அங்கிருந்த வேறொரு நீலப்பச்சை இனத்தின் நஞ்சைக் காரணமாகக் காட்டியது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்பது அதன் பெயர். இட்ட செம்பு உப்பே கெடுத்திருக்குமோ என்று ஐயுற்ற மருத்துவரும் உண்டு. எவ்வாறாயினும், மருந்து இட்டவர்கள் கெடு நினைத்தவர்கள் அல்லர்.

“அப்படியானால் பாசியை வளரவிட்டுப் பார்த்துக்கொண்டு இருப்பதா?” என்று தலைவர் சற்றுச் சினத்தோடு கேட்டார். அவர் சினம் நியாயமானதே. அவ்வூரில் குழாய் நீர் மூன்று நாளைக்கொரு முறைதான் வந்தது. நாம் சொன்னவை இவை. ஏடு படர்ந்திருக்கும் வரை ஊரணியில் மக்களும் கால்நடையும் இறங்காதபடி முள்வேலி இடுக. குடிப்பதற்குக் கிணற்று நீரையோ, ஆழ்குழாய் நீரையோ கொள்க. கரையிலிருந்து தள்ளி மணற்பாங்கில் ஊற்றுத் தோண்டினால், மண்ணில் கசிந்து வரும் நீரில் நஞ்சு பெரிதும் குறைந்திருக்கும். நம் முன்னோர் வேறு காரணம் கருதிச் செய்த வழக்கம் இதற்கும் உதவுகின்றது. மீன் பிடிப்பவர்கள் குடலையும் ஈரலையும் நீக்கிவிடுக; நஞ்சு அங்கேயே மிகுதியாகத் தங்கும். ஊர்த்தொட்டியில் குளோரின் இடுவதாயின், படிகாரம் இட்டு, மணலில் வடித்துப் பாசியை அகற்றிய பின்னரே இடுக. கரைந்த நஞ்சைக் குளோரின் போதிய அளவில், அரைமணி நேரம் நின்றால் சிதைக்கும். பாசியோடு சேர்த்து இட்டால் மயில்துத்தத்தின் கதையே.

பாசி எதனால் பெருகியது என்ற வினாவுக்கும் விடை ஊரணியின் மேற்கரையிலேயே தெரிந்தது. வயல் வடிகால் ஒன்றும், தெருச் சாக்கடை ஒன்றும் அங்கே வந்து விழுகின்றன. நீலப்பச்சைப் பாசிக்கு வேண்டுவன வெப்பம், அசையா நீர், பாஸ்பரஸ் ஆகிய மூன்று. முதலிரண்டும் கோடையின் கொடை. மூன்றாவது, நம் சங்கத்தின் உரக்கிடங்கிலிருந்து மூட்டையாகச் சென்று, தேவைக்கு மேல் இடப்பட்டு, மழையில் வழிந்து வருவது. மண் பரிசோதனைச் சீட்டைப் பாராமல் டி.ஏ.பி. விற்பதைப் பற்றிச் சங்கச் செயலாளரோடு அன்றிரவு நாம் தனியே பேச வேண்டியிருந்தது. அவர் விற்பனை இலக்கைக் காட்டினார். அவர் சொன்னதிலும் பொருள் இல்லாமல் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு மயில்துத்தத் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அத்தொகையில் வேலிக்கும், பழைய பொதுக்கிணற்றைத் தூர் வாருவதற்கும் ஒப்புதல் தந்தனர். வடிகாலைத் திருப்பிவிடுவது குறித்து ஊராட்சிக்குக் கடிதம் எழுதுவதென்றும், நீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவதென்றும் முடிவாயிற்று. ஆடுகளைப் பற்றி எவரும் எவர்மேலும் புகார் கொடுப்பதில்லை என்பது ஏட்டில் எழுதப்படாத முடிவு.

கையுறை அணிந்து கண்ணாடிப் புட்டி ஒன்றில் ஊரணி நீரை எடுத்து, அசையாமல் தலைவரின் மேசைமேல் வைத்துவிட்டு உறங்கச் சென்றோம். உண்மைப் பாசியாயின் பெரும்பாலும் அடியில் படியும். காற்றுப்பை உள்ள நீலப்பச்சை இனமாயின் மேலே ஏறும். காலையில் பேருந்துக்குப் புறப்படுமுன் பார்த்தோம். மேலே ஒரு விரற்கடை அளவுக்குப் பச்சை வளையம் கட்டியிருந்தது. கீழே நீர் பளிங்குபோல் இருந்தது. தறியிலிருந்து எழுந்து வந்த முதியவர் ஒருவர் அதனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கீழ்நீர் நல்ல நீர்தானே, ஐயா?” என்றார். கரைந்த நஞ்சுக்கு நிறம் இல்லை என்று சொன்னோம். அவர் புட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கழுவச் சென்றார், குழாயடிக்கு.